சி பிளாக் சத்தமும் மைக்கேல் ஹெட்ஜஸும்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் சி பிளாக் மூன்றாம் மாடியைப் பற்றி வந்த புகார் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் யாரோ சுவரில் ஆணி அடிக்கிறார்கள் என்று கீழ் வீட்டு அம்மா எழுதிக் கொடுத்திருந்தார். மரவேலை, டைல்ஸ் வேலை எல்லாம் மாலை ஆறு மணிக்குள் முடிய வேண்டும் என்பது நம் சங்க விதி. போய்ப் பார்த்து வரும் பொறுப்பைப் பொருளாளரிடமும் என்னிடமும் கொடுத்தார்கள்.

போனோம். ஆணியும் இல்லை, சுத்தியலும் இல்லை. கல்லூரியில் படிக்கும் அந்த வீட்டுப் பையன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். கிட்டார் என்றால் தந்தியைச் சுண்டுவது என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். இவன் இரண்டு கையாலும் தந்திகளைக் கழுத்துப் பலகையின் மேலேயே தட்டினான். இடையிடையே மரப்பெட்டியில் உள்ளங்கையால் ஒரு அறை. அந்த அறைதான் தளம் வழியாகக் கீழ் வீட்டுக்குப் போயிருக்கிறது.

பொருளாளர் விதியை எடுத்துச் சொன்னார். பையன் மறுபேச்சுப் பேசவில்லை. "சாரி அங்கிள், டிசம்பர் 2 வரைக்கும் கொஞ்சம் அதிகமா பிராக்டிஸ் பண்ணினேன்" என்றான். டிசம்பர் 2-ல் என்ன, பரீட்சையா என்று கேட்டேன். இல்லை, மைக்கேல் ஹெட்ஜஸ் இறந்த நாள் என்றான். அவர் இறந்தது 1997-ல். பையன் அப்போது பிறக்கவே இல்லை. "அவர் உனக்கு யாருப்பா?" என்று பொருளாளர் கேட்டார். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திரும்ப ஒருமுறை அந்த உருப்படியை வாசித்துக் காட்டினான்.

எனக்கு மேற்கத்திய இசையில் பயிற்சி கிடையாது. நாற்பது வருடம் வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவன். ஆனாலும் 'அவர் உனக்கு யார்' என்ற கேள்வி லிஃப்ட்டில் இறங்கும்போதே என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு படித்ததையும் கேட்டதையும் இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மைக்கேல் ஹெட்ஜஸ் 1953 டிசம்பர் 31-ல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் பிறந்தவர். வளர்ந்தது ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள ஈனிட் என்ற ஊர், கோதுமை விளையும் சமவெளி. அங்கே பிலிப்ஸ் பல்கலைக்கழகத்தில் இசை படித்தார். பிறகு பால்டிமோரில் உள்ள பீபடி இசைப்பள்ளியில் இசையமைப்பில் பட்டம் பெற்றார். இதைக் கவனியுங்கள்: அவர் கிட்டார் வாசிப்பதற்காகப் பட்டம் வாங்கவில்லை, இசை எழுதுவதற்காக வாங்கினார். தன்னை முதலில் இசையமைப்பாளர் என்றும் பிறகுதான் கிட்டார்க்காரர் என்றும் கருதியவர். ஸ்ட்ராவின்ஸ்கி, வரேஸ் போன்றவர்களின் கடினமான நவீன இசையையும் கேட்பார், பீட்டில்ஸையும் நீல் யங்கையும் ஜோனி மிட்செலையும் அதே ஆசையோடு கேட்பார்.

1980-ல், ஸ்டான்ஃபோர்டில் கணினி இசை படிக்கலாம் என்று கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவுக்கு வந்தார். அதே ஊரில் 1976 முதல் வின்டம் ஹில் என்ற சிறிய இசைத்தட்டுக் கம்பெனியை வில்லியம் ஆக்கர்மேன் நடத்திவந்தார். ஆக்கர்மேனும் கிட்டார்க்காரர்தான். வர்சிட்டி தியேட்டரில் ஹெட்ஜஸ் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, கை துடைக்கும் காகிதத்திலேயே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார் என்பது அந்தக் கம்பெனியைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. முத்திரைத்தாள் இல்லாத ஒப்பந்தம் என்று என் வங்கிப் புத்தி முதலில் முகம் சுளித்தது. ஆனால் அந்த ஒப்பந்தம் செல்லுபடியாகிவிட்டது. 1981-ல் 'பிரேக்ஃபாஸ்ட் இன் தி ஃபீல்டு' வந்தது. 1984-ல் வந்தது 'ஏரியல் பவுண்டரீஸ்'. அந்தத் தட்டின் தலைப்பு உருப்படியைத்தான் சி பிளாக்கில் ஆணி அடிக்கும் சத்தம் என்று நாம் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம்.

அந்த உருப்படியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அது புரியாமல் அவர் ரசிகர்களின் துக்கம் புரியாது.

கிட்டாரில் ஆறு தந்தி. உலகம் முழுவதும் வழக்கமாக அவற்றை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்ற ஸ்வரங்களுக்குக் கூட்டுவார்கள். கிட்டார் வகுப்பில் முதல் நாள் சொல்லித்தருவது இது. ஹெட்ஜஸ் ஏறக்குறைய ஒவ்வொரு உருப்படிக்கும் வேறு வேறு சுருதி வைத்துக்கொண்டார். 'ஏரியல் பவுண்டரீஸ்' உருப்படிக்கு சி, சி, டி, ஜி, ஏ, டி. நடுவில் உள்ள இரண்டு தந்திகள் மட்டும் பழைய இடத்தில் நிற்கின்றன. மற்ற நான்கும் இடம் மாறிவிட்டன. நம் கணக்கில் சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ஸ, ஸ, ரி, ப, த, ரி. வெறும் தந்திகளை வரிசையாக மீட்டினாலே மோகனத்தில் காந்தாரத்தை மட்டும் எடுத்துவிட்டது போல ஒரு ஒலி வரும். எங்கள் வீட்டில் வீணை தெரிந்தவர் உண்டு. அவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன்.

இப்படிக் கூட்டிய பிறகு இரண்டு கைகளின் வேலையும் மாறுகிறது. பொதுவாக இடக்கை அழுத்தும், வலக்கை சுண்டும். ஹெட்ஜஸின் இடக்கை தந்தியை மெட்டின் மேல் சுத்தியல் போல அடித்தும், விடும்போது விரலால் இழுத்துவிட்டும் தானே ஒலி எழுப்பியது. வலக்கையும் சும்மா இல்லை. கழுத்துக்கு வந்து தட்டும், தந்தியின் குறிப்பிட்ட புள்ளியில் விரலை வீசி மணி போன்ற ஒலியை எடுக்கும், பெட்டியில் தாளம் போடும். கேட்பவர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோ வாசிக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். ஒரே ஆள், ஒரே கிட்டார், மேலே எதையும் சேர்த்துப் பதியவில்லை. அந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவுத் தரம் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே நிற்க வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். கிட்டார் தந்தியை மீட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த ரீங்காரத்தைப் பெரும்பாலானவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். இவர் ஓய்ந்திருக்கும் விரலைக்கொண்டு உரிய மாத்திரையில் அதை நிறுத்துவார். இசையை எழுதப் படித்தவர் அல்லவா, மௌனத்துக்கும் கணக்கு வைத்திருந்தார்.

அவருடைய முக்கியமான கிட்டார் 1971-ஆம் ஆண்டு மார்ட்டின் டி-28. அதற்கு 'பார்பரா' என்று பெயர் வைத்திருந்தார். இன்னொரு கருவி ஹார்ப் கிட்டார். சாதாரண கிட்டாரின் தோளிலிருந்து கொம்பு போல ஒரு கை நீண்டு, அதில் கூடுதலாக ஐந்து மந்திரத் தந்திகள் இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டையர் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்கப்பட்டு, பிறகு மோஸ்தர் போய்ப் பரணில் ஏறிய கருவி. ஹெட்ஜஸ் அப்படி ஒரு பழைய டையரைக் கண்டெடுத்து மேடைக்குக் கொண்டுவந்தார்.

கடைகளில் அவருடைய தட்டுகளை 'நியூ ஏஜ்' என்ற அலமாரியில் வைத்தார்கள். தியானத்துக்கும் மசாஜ் நிலையத்துக்கும் ஏற்ற மெல்லிசை என்று பொருள். அதில் அவருக்கு உடன்பாடு இல்லை. 'ஹெவி மெட்டல்' என்ற பெயரைத் திருப்பி, தன் இசை 'ஹெவி மென்டல்' என்று கேலியாகச் சொல்வார். மேடையில் பாப் டிலனின் பாட்டையும் பிரின்ஸின் பாட்டையும் அதே கிட்டாரில் அதிரடியாகப் பாடுவார். 1987-ல் வந்த 'லைவ் ஆன் தி டபுள் பிளானட்' என்ற கச்சேரிப் பதிவைக் கேட்டால் இது தெரியும். மசாஜ் நிலையத்தில் அதைப் போட்டால் வாடிக்கையாளர் எழுந்து ஓடிவிடுவார்.

நடுவில் வந்த தட்டுகளை விட்டுவிடுகிறேன். 1994-ல் பாட்டுகள் நிறைந்த ஒரு தட்டு, 1996-ல் மீண்டும் கிட்டாருக்கே திரும்பி வந்த 'ஆரக்கிள்'. அதன் பிறகு முடிவு வந்துவிட்டது.

1997 நவம்பர் 27 அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள். நம் ஊர்ப் பொங்கலைப் போல, எங்கிருந்தாலும் வேண்டியவர்களிடம் போய்ச் சேரும் நாள். ஹெட்ஜஸ் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த தன் தோழியைப் பார்க்கப் போயிருந்தார். திரும்பி சான்ஃபிரான்சிஸ்கோவில் விமானம் இறங்கி, தன் பி.எம்.டபிள்யூ காரை எடுத்துக்கொண்டு மென்டசினோ பகுதியில் இருந்த வீட்டுக்குக் கிளம்பினார். பெரிய நெடுஞ்சாலையிலிருந்து குளோவர்டேல் என்ற ஊரில் 128-ஆம் எண் சாலை பிரிகிறது. மலையில் வளைந்து வளைந்து ஏறி இறங்கி, பள்ளத்தாக்குகளைத் தாண்டி, செம்மரக் காடு வழியாகக் கடற்கரைக்குப் போகிற இரட்டை வழிச் சாலை. மழையில் ஈரமாகக் கிடந்த ஒரு எஸ் வளைவில் கார் வழுக்கி 120 அடிப் பள்ளத்தில் விழுந்தது. காரிலிருந்து வெளியே வீசப்பட்ட அவர் அந்தக் கணமே இறந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

சாலையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத இடம். சில நாள் கழித்துத்தான் உடல் கண்டுபிடிக்கப்பட்டது. இறந்த நாளாக டிசம்பர் 2 குறிக்கப்பட்டிருக்கிறது. வயது 43. அந்த மாதக் கடைசியில் 44 ஆகியிருக்கும். இரண்டு பையன்கள்.

அந்தச் சில நாட்களை நான் அடிக்கடி நினைத்துப்பார்க்கிறேன். அவர் இறந்துவிட்டார், ஆனால் உலகத்தைப் பொறுத்தவரை இன்னும் இறக்கவில்லை. அந்த நாட்களில் யாரோ ஒருவர் தன் அறையில் ஐந்தாம் தந்தியை ஏ-யிலிருந்து சி-க்கு ஏற்றிக்கொண்டிருந்திருப்பார், தந்தி அறுந்துவிடுமோ என்று பயந்துகொண்டே.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஹெட் கேஷியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மாரடைப்பில் காலமானார். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், ஒன்று அவரிடம். திங்கட்கிழமை காலை துக்க வீட்டுக்குப் போய் சாவியைக் கேட்டு வாங்கி வந்தோம். கேட்கவே வாய் கூசியது. வந்தும் கதவு திறக்கவில்லை. பழைய பூட்டு. சாவியை முக்கால் சுற்றில் நிறுத்தி, கைப்பிடியைச் சற்றே தூக்கிப் பிறகு திருப்ப வேண்டும். அந்த நுணுக்கம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மாற்றலில் போகிறவர் சார்ஜ் ஒப்படைக்கும்போது சொல்லிவிட்டுப் போவார். இவர் ஒப்படைக்காமல் போய்விட்டார். கடைசியில் கதவைத் திறந்தது எங்கள் பியூன். தினமும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததில் அவருக்குக் கை வந்திருந்தது. திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

ஹெட்ஜஸின் ரசிகர்கள் எனக்கு அந்தப் பியூனை நினைவூட்டினார்கள். மற்ற நட்சத்திரங்களின் ரசிகர்கள் பாட்டைக் கேட்பவர்கள். இவருடைய ரசிகர்களில் பெரும்பகுதி தாங்களே ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு, தட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்து அவர் விரலையே பார்த்தவர்கள். மேடையில் ஒரு உருப்படி முடிந்ததும் அவர் பேசிக்கொண்டே அடுத்ததற்குத் தந்திகளைக் கூட்டுவார். அதையும் கவனித்துக் குறித்துக்கொண்டவர்கள். சுருதி தெரியாவிட்டால் அந்த இசைக்குள் நுழையவே முடியாது. எவ்வளவு தேர்ந்த வித்வானாக இருந்தாலும் வழக்கமான சுருதியில் 'ஏரியல் பவுண்டரீஸ்' வராது, விரல் போகும் இடமெல்லாம் வேறு ஸ்வரம் ஒலிக்கும். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு சாவி. எல்லாச் சாவிகளும் ஒரே ஆளிடம் இருந்தன. அவர் போய்விட்டார்.

கிட்டார் வரலாற்றில் இப்படித் திடீர் மரணங்கள் முன்பும் நடந்திருக்கின்றன. எடி லாங் என்ற ஜாஸ் கிட்டார்க்காரர், பாடகர் பிங் கிராஸ்பிக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர், 1933-ல் டான்சில் அறுவைச் சிகிச்சைக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. வயது 30.

அதைவிடப் பெரியது ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் மரணம். மானூஷ் என்ற நாடோடி இனத்தவர். 1928-ல் அவர் இருந்த வண்டிவீடு தீப்பிடித்ததில் இடக்கையின் இரண்டு விரல்கள் மடங்கிப்போயின. மீதி இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த ஜாஸ் கிட்டார்க்காரர் ஆனார். 1953 மே 16, சனிக்கிழமை. பாரிஸில் வாசித்துவிட்டு ரயிலில் இறங்கி, ஸாம்வா என்ற ஆற்றங்கரைக் கிராமத்து வீட்டுக்கு நடந்து வந்தவர் வீட்டு வாசலருகே மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. வாரக் கடைசி என்பதால் டாக்டர் வந்துசேரவே நெடுநேரம் ஆயிற்று. அவருக்கும் வயது 43.

மானூஷ் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் உடைமைகளை எரித்துவிடுவார்கள், அவர் பெயரைக்கூட உச்சரிக்கத் தயங்குவார்கள். போனவரைப் போகவிடுவதுதான் மரியாதை. ஆனால் ஜாங்கோவின் விஷயத்தில் முழுதும் அப்படி நடக்கவில்லை. செல்மர் கம்பெனி செய்த 503-ஆம் எண் கிட்டாரை அவர் மனைவி 1964-ல் பாரிஸ் இசைப்பள்ளியின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஜான் லூயிஸ் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞர் அவர் இறந்த மறு வருடமே 'ஜாங்கோ' என்று அவர் பெயரிலேயே ஓர் இரங்கல் இசை எழுதினார். இன்று ஜாஸ் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உருப்படி அது. 1968 முதல் ஸாம்வாவில் அவர் நினைவாக விழா எடுத்தார்கள், 1983-லிருந்து வருடா வருடம் நடந்தது. எரிப்பது வழக்கமாக இருந்த இடத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளும் ஆசையும் இருந்திருக்கிறது.

ஹெட்ஜஸுக்குத் திரும்புவோம். நல்ல வேளையாக, அவர் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு காரியம் நடந்திருந்தது. மில்வாக்கியைச் சேர்ந்த ஜான் ஸ்ட்ரோப்ஸ் என்ற கிட்டார் ஆசிரியர் ஹெட்ஜஸின் சில உருப்படிகளை அவருடைய ஒத்துழைப்போடு ஸ்வரப்படுத்தி 1995-ல் புத்தகமாக்கினார். 'தாளம், நாதம், மௌனம்' என்று பொருள்படும் தலைப்பு. எந்த விரல் தட்ட வேண்டும், எது இழுக்க வேண்டும், எந்த இடத்தில் எந்த விரல் தந்தியை நிறுத்த வேண்டும் என்பது வரை அதில் குறித்திருக்கிறது. அது ஒன்றுதான் முறையான சார்ஜ் ஒப்படைப்பு என்று சொல்லலாம். மற்றவையெல்லாம் ரசிகர்கள் காதால் கண்டுபிடித்துக் கைமாற்றிக்கொண்ட சுருதிப் பட்டியல்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவார். நாலாம் தந்தி டி இல்லை, சி-தான், இன்னொரு முறை கேட்டுப் பார் என்பார். இதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

1998 பிப்ரவரியில் 'ஆரக்கிள்' இசைத்தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? சிறந்த நியூ ஏஜ் இசைத்தட்டு. வாழ்நாளெல்லாம் கேலி செய்த அலமாரியிலேயே வைத்து மரியாதை செய்தார்கள். இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வீட்டு ஸ்டுடியோவில் அவர் பாதியில் விட்டுப்போன பதிவுகள் இருந்தன. அவற்றை அவருடைய மேனேஜரும் நண்பர்களும் எடுத்து ஒழுங்குபடுத்தி, 1999-ல் 'டார்ச்டு' என்ற பெயரில் வெளியிட்டார்கள். டேவிட் கிராஸ்பி, கிரஹாம் நாஷ் என்ற புகழ்பெற்ற இரண்டு பாடகர்கள் இதில் குரல் கொடுத்திருக்கிறார்கள். இதே இருவர் 1990-ல் ஹெட்ஜஸின் 'டேப்ரூட்' தட்டின் கடைசிப் பாட்டில் அவருக்குப் பின்னணி பாடியவர்கள். அப்போது அவர் பக்கத்தில் நின்றிருப்பார். ஒன்பது வருடம் கழித்து, ஒலிபெருக்கியிலிருந்து மட்டும் வரும் அவர் குரலுக்குத் துணை பாட வேண்டியிருந்தது.

இறந்தவர் அரைகுறையாக விட்டதை முடித்து வெளியிடலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஸ்வரம் எங்கே நிற்க வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தவர், இதற்குச் சம்மதித்திருப்பாரா? வங்கியில் இறந்தவர் கணக்கை நாமினி பெயருக்கு மாற்றுவோமே தவிர, அவர் எழுதி முடிக்காத காசோலையை நாம் பூர்த்தி செய்ய மாட்டோம். ஆனால் அந்தத் தட்டைக் கேட்டபோது என் ஆட்சேபம் பலவீனமாகிவிட்டது. அதில் சில பதிவுகள் மெருகு குறைந்தவை என்பது என் காதுக்கே தெரிகிறது. அதற்காக அவை பீரோவிலேயே இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல மனம் வரவில்லை.

சக கலைஞர்களின் அஞ்சலிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பியர் பென்சுசான் என்ற பிரெஞ்சு கிட்டார்க்காரர், ஹெட்ஜஸ் மதித்த வித்வான், தன் 'இன்ட்யூயிட்' இசைத்தட்டில் 'ஸோ லாங் மைக்கேல்' என்று ஒரு உருப்படி வாசித்தார். சொற்கள் கிடையாது, தனிக் கிட்டார். பென்சுசான் பல பத்தாண்டுகளாக ஒரே ஒரு சுருதியில், டி, ஏ, டி, ஜி, ஏ, டி, வாசிப்பவர். ஹெட்ஜஸோ பாட்டுக்குப் பாட்டு மாற்றியவர். இரங்கலுக்காகப் பென்சுசான் ஹெட்ஜஸின் பாணியை நகல் எடுக்கவில்லை. தன் சுருதியிலேயே, தன் நடையிலேயே வழியனுப்பினார். யூடியூபில் கிடைக்கிறது, கேளுங்கள். இரவில் கேட்டால் நல்லது.

ஹார்ப் கிட்டார் பரணிலிருந்து இறங்கிவிட்டது. புதிதாகச் செய்கிற கைவினைஞர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். 2003 முதல் அமெரிக்காவில் அதை வாசிப்பவர்கள் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆண்டி மெக்கீ ஹெட்ஜஸின் வழியில் வந்தவர், அவரும் ஹார்ப் கிட்டார் வாசிப்பவர். 2006-ல் அவர் 'டிரிஃப்டிங்' என்ற தன் உருப்படியை வாசிக்கும் வீடியோ வெளிவந்து கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். இடக்கையைக் கழுத்தின் மேற்புறமாகக் கொண்டுவந்து தந்தியைத் தட்டி, பெட்டியில் தாளம் போட்டு வாசிப்பார். நம் சி பிளாக் பையன் பள்ளியில் படிக்கும்போது முதலில் பார்த்தது அதைத்தானாம். இதை இவர் யாரிடம் கற்றார் என்று தேடிப் போனதில் ஹெட்ஜஸிடம் வந்து சேர்ந்தான். தேடி வந்து கண்டுபிடித்த அன்றைக்கே அவர் இறந்துவிட்டார் என்பதும் தெரிந்தது. "எனக்கு அவர் அன்னைக்குத்தான் செத்தார் அங்கிள்" என்றான். பொருளாளருக்கு அவன் சொல்லத் திணறிய பதில் இதுவாக இருக்கலாம்.

இரண்டாவது தடவை நான் தனியாகத்தான் போனேன். சுருதி மாற்றுவதைக் காட்டச் சொன்னேன். முறுக்காணியைத் திருகித் திருகி, கைபேசியில் ஒரு செயலியைப் பார்த்துக்கொண்டு, ஆறாம் தந்தியை இறக்கினான். தந்தி தளர்ந்து தொளதொளவென்று ஆடியது. இதிலா வாசிப்பாய் என்று கேட்டேன். சிரித்தான். மற்ற தந்திகளையும் கூட்டி முடித்துவிட்டு ஒரு முறை திறந்த தந்திகளை மீட்டினான். காந்தாரம் இல்லாத அந்த மோகனம் அறை முழுக்க நின்றது. பிறகு ஒரே நேரத்தில் ஆறு தந்தியையும் உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தினான்.

இனி அலுவல். செயற்குழு முடிவின்படி பயிற்சி நேரம் மாலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை. கட்டிலுக்குக் கீழே தடிமனான கம்பளம் ஒன்று விரிக்க அவர்கள் வீட்டில் ஒப்புக்கொண்டார்கள். கீழ் வீட்டு அம்மாவிடமும் பேசினோம். இரவு மருந்து சாப்பிட்டுப் படுக்கும் நேரம் என்பதால்தான் எழுதிக் கொடுத்ததாகவும், எட்டு மணிக்குள் என்றால் ஆட்சேபம் இல்லை என்றும் சொன்னார். புகார் முடித்துவைக்கப்படுகிறது.

வரும் டிசம்பர் 2 அன்று மாலை ஆறரை மணிக்கு நம் சமூகக் கூடத்தில் பையன் முக்கால் மணி நேரம் வாசிக்கிறான். கட்டணம் கிடையாது, மைக்கும் கிடையாது. மின்விசிறிகளைச் சற்று நேரம் நிறுத்த வேண்டியிருக்கும், கைவிசிறி கொண்டுவருகிறவர்கள் கொண்டுவரலாம். ஒரு உருப்படிக்கும் அடுத்ததற்கும் நடுவில் தந்திகளைக் கூட்ட மூன்று நான்கு நிமிடம் ஆகும். கச்சேரி முடிந்துவிட்டது என்று நினைத்து யாரும் எழுந்து போய்விட வேண்டாம்.